இடிபாட்டில் பதிந்த சாட்சியம்

கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தால், அதற்குக் காரணமாக முதலில் சொல்லப்படுவது பெரும்பாலும் கடைசியாக நடந்த ஏதோ ஒன்றாகவே இருக்கும்: முந்தின இரவு கொட்டிய மழை, அன்று மாலை வெட்டிய மின்னல், பக்கத்து மனையில் தோண்டிய குழி, தூக்கும்போது நழுவிய ஜாக்கி. இவற்றைத் தூண்டுதல் என்றும், அந்தத் தூண்டுதலைத் தாங்க இயலாத நிலைக்குக் கட்டடத்தை மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் முன்பே தள்ளிவிட்ட குறையை மூலக்காரணம் என்றும் பிரித்துக் காண்பதுதான் தடயவியல் கட்டுமானப் பொறியியல் எனப்படும் துறையின் முதல் வேலை. எந்த உறுப்பு முதலில் தோற்றது, அதற்கு வரைபடம் பொறுப்பா, கலவை பொறுப்பா, அடியிலிருந்த மண் பொறுப்பா என்பதை இடிபாட்டிலிருந்தும் விரிசலிலிருந்தும் கண்டறியும் இத்துறையில், முதன்மைச் சாட்சிகள் கான்கிரீட்டும் கம்பியும் களிமண்ணுமே ஆகும். அவற்றிடம் கேள்வி கேட்கும் முறை தெரிந்தால், ஊற்றிய நாளில் எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள் என்பதைக்கூட அவற்றிலிருந்து மதிப்பிட்டுவிட முடிகிறது.

பேரிடர்களை ஆணையங்களும் காவல்துறையும் விசாரிக்கின்றன என்றாலும், இத்துறையின் அன்றாட வேலையில் பெரும்பகுதி தனியார் துப்பறிதலாகவே நடைபெறுகிறது. மதுரைக்குத் தெற்கே, விருதுநகர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள திருமங்கலத்திலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும், குடிபுகுந்து இரண்டு மழைக்காலம் கூடக் காணாத வீட்டின் சுவர் மூலைக்கு மூலை வெடிக்கும்போது, வீட்டுக்காரர் மேஸ்திரியையும், மேஸ்திரி மண்ணையும், கடைசியில் எல்லாரும் சேர்ந்து மழையையும் குறைசொல்வது வழக்கம். அந்தத் தகராறைத் தீர்க்க வரவழைக்கப்படும் கட்டமைப்புப் பொறியாளர், தனியார் துப்பறிவாளர் செய்யும் வேலையைத்தான் செய்கிறார். அவருடைய அறிக்கை நீதிமன்றம்வரை செல்லக்கூடும் என்பதால், ஊகத்தையும் அளவீட்டையும் கலக்காமல் எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இருக்கிறது.

தூண்டுதலுக்கும் மூலக்காரணத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்நாடு பெருந்துயரத்தோடு கற்றுக்கொண்டது 2014 ஜூன் 28 அன்று மாலையில். சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது முழுவதுமாகச் சரிந்து, 61 பேர் உயிரிழந்தனர். இடிபாட்டுக்குள்ளிருந்து 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். மின்னல் தாக்கியதால்தான் கட்டடம் விழுந்தது என்ற விளக்கம் உடனடியாக முன்வைக்கப்பட்டது. அறிவியல் நோக்கில் அது பரிசோதிக்கத்தக்க கூற்று: வலுவூட்டப்பட்ட கான்கிரீட் கட்டடத்தில் மின்னல் இறங்கினால் மின்னோட்டம் உள்ளிருக்கும் கம்பிகள் வழியாக நிலத்துக்குப் பாய்ந்துவிடும், வழியில் ஈரம் திடீரென நீராவியாகும் இடங்களில் காரையும் கான்கிரீட்டின் ஓரங்களும் பெயர்ந்து தெறிக்கும், சில இடங்களில் கருகல் தெரியும். ஆனால் போதிய வலுவுள்ள தூண்களின் மேல் நிற்கும் 11 மாடிகளை ஒரே அடியில் வீழ்த்தும் விசை அதற்கு இல்லை. அடுத்ததாக எழுந்தது நிலத்தைப் பற்றிய கேள்வி. போரூர் ஏரியை ஒட்டிய பகுதி என்பதால் அது நியாயமான கேள்வியே. நீதிபதி ஆர். ரெகுபதி தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் இறுதியில் கட்டுமானக் குறைகளையே காரணமாகக் கண்டு, கட்டுநர் தரப்பைப் பொறுப்பாக்கியது.

இந்த வழக்கில் விசாரணையாளர்களுக்கு அரிதினும் அரிதான ஒரு வாய்ப்பு கிடைத்திருந்தது. விழுந்த கட்டடத்துக்குப் பக்கத்திலேயே, அதே மனையில், அதே நிறுவனம் கட்டிய இன்னொரு 11 மாடிக் கட்டடம் விழாமல் நின்றுகொண்டிருந்தது. இடிந்த கட்டடத்தின் சான்றுகள் மீட்புப் பணியின்போது நொறுங்கியும் கலைந்தும் போகின்றன. மனிதர்களைக் காப்பாற்றுவதே முதற்கடமை என்பதால் அதைத் தவிர்க்கவும் முடியாது. நிற்கும் இணைக்கட்டடமோ தூண்களின் அளவு, கம்பிகளின் எண்ணிக்கை, கான்கிரீட்டின் வலிமை ஆகிய மூன்றையும் கலையாத நிலையில் காட்டக்கூடியது. அதுவும் பாதுகாப்பற்றது என்ற முடிவுக்கு வல்லுநர்கள் வந்து, இடிப்பதை எதிர்த்த வழக்குகளும் முடிந்த பிறகு, 2016 நவம்பர் 2 அன்று மாலை அதன் தூண்களில் துளையிட்டு வெடிபொருள் வைத்து, சில நொடிகளில் அதைத் தரைமட்டமாக்கினார்கள்.

கட்டடம் ஏன் பாதியில் விழாமல், முடியும் தறுவாயில் விழுகிறது என்ற கேள்விக்கு ஒரு கற்பனைத் தூணை வைத்துக் கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். குடியிருப்புக் கட்டடத்தில் ஒரு மாடியின் எடை, சுவரும் தரையும் புழங்குவோர் சுமையும் சேர்த்து, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.1 டன் என்று கொள்ளலாம். நடுத்தூண் ஒன்று ஒவ்வொரு மாடியிலும் 20 சதுர மீட்டர் பரப்பைத் தாங்குமானால், 11 மாடிகளுக்கு அதன் தலையில் ஏறும் சுமை சுமார் 240 டன். 300 மில்லிமீட்டருக்கு 600 மில்லிமீட்டர் அளவில், எம் 25 தரக் கான்கிரீட்டும் ஒரு சதவீதக் கம்பியும் கொண்ட தூண் உடைவதற்கு ஏறத்தாழ 390 டன் வேண்டும். (எம் 25 என்பது 150 மில்லிமீட்டர் கனசதுரம் 28 நாள் கழித்து ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 25 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்ற குறியீடு.) இந்தியத் தர நிர்ணய விதியான ஐ.எஸ். 456 சொல்லும் பாதுகாப்பு விகிதங்களோடு பார்த்தால் இந்தத் தூண் முதலிலேயே போதாது. ஆனாலும் கலவை சரியாக இருக்கும்வரை அது நிற்கும், நிற்பதைப் பார்த்து எல்லாரும் நம்பிக்கை கொள்வார்கள். கான்கிரீட்டின் வலிமை பாதியாகக் குறைந்திருந்தால், உடையும் எல்லையும் சுமார் 240 டன்னுக்கு இறங்கிவிடும். ஐந்தாவது மாடி ஊற்றும்போதும் எட்டாவது மாடி ஊற்றும்போதும் எந்த அறிகுறியும் காட்டாத தூண், கடைசி மாடியின் சுமை ஏறி முடியும் வேளையில் தன் எல்லையைத் தொடுகிறது. மேலும், தொடர்ந்து அழுத்தும் சுமையின் கீழ் கான்கிரீட் நுண்விரிசல் விட்டுக்கொண்டே போகும். சோதனைக்கூடத்தில் சில நிமிடங்களில் உடைக்கத் தேவைப்படும் சுமையில் சுமார் 80 சதவீதமே நாள்கணக்கில் நிலைத்து நின்றால் அதை உடைத்துவிடக்கூடும் என்பதால், சுமை கூடாத ஒரு சாதாரண மாலையிலும் விபத்து நேரலாம். அப்போது பெய்துகொண்டிருக்கும் மழை வெறும் உடனிருப்பு.

வலிமை பாதியாகக் குறைவது எப்படி என்பதற்கு வேலைத்தளத்திலேயே விடை இருக்கிறது. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.5, கலவை இளகலாக ஓட வேண்டும் என்பதற்காக மூட்டைக்கு ஒரு வாளி, அதாவது 10 லிட்டர், கூடுதலாக ஊற்றினால் அது 0.7 ஆகி, வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். விகிதம் கூடக் கூட வலிமை குறையும் என்ற இந்த விதியை அமெரிக்கரான டஃப் ஏப்ரம்ஸ் 1918-இலேயே நிறுவினார். வேதிவினைக்குத் தேவைப்படாத அந்த மிகைநீர் பின்னர் ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. இறுகிய கான்கிரீட்டை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, அந்தத் துளைகளின் அடர்த்தியிலிருந்தே ஊற்றிய நாளின் நீர் அளவு மதிப்பிடப்படுகிறது. அதோடு நீராற்றும் நாள்களைக் குறைத்து, ஊசி அதிர்வி போடாமல் தேன்கூடு விழவிட்டால், மீதி வலிமையும் கரைந்துபோகும்.

இத்தகைய துப்பறிதலின் கருவிகள் எளியவை. அவற்றின் வரம்புகளை அறிந்திருப்பதில்தான் திறமை அடங்கியிருக்கிறது. எர்ன்ஸ்ட் ஷ்மிட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் உருவாக்கிய மீளெழு சுத்தியல், பரப்பில் மோதி எவ்வளவு எகிறுகிறது என்பதைக்கொண்டு கடினத்தைச் சொல்லும். ஆனால் பழைய கான்கிரீட்டின் தோல் காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகியிருக்கும் என்பதால், அது உண்மையைவிட 50 சதவீதம்வரை மிகையாகக் காட்டிவிடக்கூடும், அதை மட்டும் நம்பி எழுதிய அறிக்கை ஆபத்தானது. மீயொலித் துடிப்பை ஒரு பக்கம் செலுத்தி மறுபக்கம் பிடிக்கும் சோதனை உட்புறத்தைப் பற்றிச் சொல்கிறது: துடிப்பு நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் கான்கிரீட் மிக நன்று. 3 கிலோமீட்டருக்குக் கீழே போனால் உள்ளே வெற்றிடமோ விரிசலோ இருப்பதாக ஐயப்பட வேண்டும். ஐயம் எழுந்த இடத்தில் வைரமுனைத் துளைப்பானால் உருளை வடிவ மாதிரியை வெட்டியெடுத்து அழுத்தி உடைத்துப் பார்ப்பதே உறுதியான சோதனை. ஐ.எஸ். 456 விதிப்படி குறைந்தது மூன்று உருளைகள் எடுக்கப்பட்டு, அவற்றின் சராசரி வலிமை தேவையான கனசதுர வலிமையில் 85 சதவீதத்துக்கும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்கும் குறையாமல் இருக்க வேண்டும்.

புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் பினால்ஃப்தலின் கரைசலைத் தெளித்தால், உட்பகுதி நொடியில் அடர்ந்த ரோஜா நிறமாகிவிடும். வெளி ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் நிறமேறாமல் சாம்பலாகவே நிற்கும். காரத்தன்மை குன்றாத கான்கிரீட்டின் பி.எச். அளவு 12-க்கு மேல் இருப்பதால் அது நிறம் காட்டுகிறது. கரியமில வாயு புகுந்து காரத்தன்மை போன பகுதி காட்டுவதில்லை. காரம் இருக்கும்வரை கம்பியின் மேல் துருப்பிடிக்காத மெல்லிய காப்புப் படலம் நிலைக்கும்; அந்தச் சாம்பல் பட்டை கம்பியைத் தொட்டுவிட்டால் படலம் அழிந்து துரு தொடங்கும், துரு தன் மூல இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கம்பியைப் பலகையிலிருந்து விலக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல், அதைச் செண்ட்ரிங் பலகையின் மேல் நேராகக் கிடத்திய தளத்தில், இந்தப் பயணத்துக்குச் சில ஆண்டுகளே போதும்.

உடைந்த கம்பியும் பேசக்கூடியது. முனை கழுத்துபோல் இடுங்கி அறுந்திருந்தால் அது தன் முழு வலிமையையும் கொடுத்துவிட்டு அறுந்தது என்று பொருள். வரிப்பள்ளங்கள் தேயாமல், சிமெண்ட் ஒட்டாமல் உருவிக்கொண்டு வந்திருந்தால், ஒட்டு நீளம் போதாமல் கான்கிரீட் அதைக் கைவிட்டிருக்கிறது. தூணைச் சுற்றிக் கட்டும் வளையங்களை, அதாவது கம்பி கட்டுவோர் ரிங் என்று சொல்பவற்றை, 135 பாகை மடக்கி உள்ளே செருகாமல் 90 பாகையில் விட்டிருந்தால், அவை விரிந்து திறந்து கிடக்கும். இந்தச் சின்னஞ்சிறு வளைவை வேலையின்போது எவரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது. தூண் நசுங்கும் கணத்தில் கான்கிரீட்டைக் கட்டிப்பிடித்து, ஆட்கள் வெளியே ஓடுவதற்குச் சில நிமிடங்களையாவது பெற்றுத்தர வல்லது அதுதான்.

கட்டுமானத் துப்பறிதலின் வரலாற்றில் தனியார் ஒருவரின் பங்கு மிகத் தெளிவாகத் தெரிந்த நிகழ்வு அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் நடந்தது. 1981 ஜூலை 17 அன்று, ஹயாத் ரீஜென்சி விடுதியின் கூடத்துக்கு மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் நடனத்துக்குத் திரண்டிருந்த கூட்டத்தின் மேல் விழுந்து 114 பேர் இறந்தனர். கூட்டம் அளவுக்கு மீறியது, ஆட்டத்தின் அதிர்வு பாலத்தை உலுக்கியது என்றெல்லாம் பேச்சு எழுந்த வேளையில், 'கான்சாஸ் சிட்டி ஸ்டார்' நாளிதழ் வேய்ன் லிஷ்கா என்ற பொறியாளரை அமர்த்தியது. அவர் வரைபடத்தில் இருந்ததும் இடிபாட்டில் தெரிந்ததும் ஒன்றல்ல என்பதைக் கண்டுகொண்டார். முதல் வரைபடத்தின்படி, கூரையிலிருந்து இறங்கும் நீண்ட தண்டுகள் நான்காம் மாடிப் பாலத்தைத் துளைத்துக்கொண்டு போய் இரண்டாம் மாடிப் பாலத்தையும் சுமக்க வேண்டும். கட்டும்போது அந்த ஒரே தண்டை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். கிணற்றுக் கயிற்றை இருவர் தனித்தனியே பிடித்துத் தொங்குவதற்கும், கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் காலைப் பிடித்துத் தொங்குவதற்கும் உள்ள வேறுபாடு இது: கயிற்றின் மேல் உள்ள பாரம் மாறவில்லை, மேலே உள்ளவரின் கைப்பிடிக்கு மட்டும் பாரம் இரட்டித்துவிட்டது. அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய அமைப்பு பின்னர் நடத்திய ஆய்வு, முதல் வரைபடத்தின் இணைப்பே நகர விதி கோரிய வலிமையில் சுமார் 60 சதவீதம்தான் கொண்டிருந்தது என்றும், மாற்றிக் கட்டியது அதிலும் பாதியாகக் குறைந்தது என்றும் காட்டியது. ஆட்டமும் கூட்டமும் வெறும் தூண்டுதல்களாக ஒதுங்கின. அந்தச் செய்தி ஆய்வுக்காக 1982-இல் கான்சாஸ் நகர இதழாளர்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

கட்டி முடியாத நிலை தனக்கே உரிய ஆபத்தைக் கொண்டது. மதுரையிலேயே 2021 ஆகஸ்ட் 28 அன்று, நத்தம் சாலையில் கட்டப்பட்டுவந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலத்தின் உத்தரம் ஒன்று, நீரியல் ஜாக்கியால் தூக்கும் வேளையில் விழுந்து, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கட்டி முடிந்த பாலத்தில் பல உத்தரங்கள் தளத்தோடு இணைந்து ஒன்றையொன்று தாங்கும். கட்டும் கட்டத்தில் ஒவ்வோர் உத்தரமும் தனியாக, தற்காலிக முட்டுகளையே நம்பி நிற்கிறது. ஜாக்கி உயர உயர அதனடியில் எஃகுத் தகடுகளை அடுக்கிக்கொண்டே வந்தால், அழுத்தம் திடீரென விட்டாலும் உத்தரம் ஒரு தகட்டின் கனத்துக்கு மேல் இறங்காது. கட்டுமான விபத்துகள் பலவும் இந்தத் தற்காலிக நிலையிலேயே நேர்கின்றன. பலியாவோரும் பெரும்பாலும் தொலைதூர மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களாகவே இருக்கிறார்கள். அந்த மேம்பாலம் 2023 ஏப்ரல் 8 அன்று திறந்துவைக்கப்பட்டது.

திருமங்கலம் வட்டாரத்தின் வீடுகளில் விரிசல் விழ இவ்வளவு பெரிய விசைகள் தேவைப்படுவதில்லை. அங்கே முதன்மையான சந்தேகத்துக்குரியது கரிசல் மண். பருத்திக்கும் பயறுக்கும் வாழ்வளிக்கும் அதே குணமே வீட்டுக்குப் பகையாகிறது. கரிசலில் மிகுந்துள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம், தாள்தாளாக அடுக்கப்பட்ட படலங்களால் ஆனது; படலங்களுக்கிடையே நீர் புகுந்து அவற்றை விலக்கும்போது மண் உப்புகிறது, நீர் வெளியேறும்போது சுருங்கிப் பாளம்பாளமாக வெடிக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவத்தில் பெற்று, மாசி தொடங்கி மாதக்கணக்கில் காயும் நிலத்தில், இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் நிகழ்கிறது. இதைக் கண்டறியும் சோதனையைவிட மலிவானது வேறில்லை: சலித்து உலர்த்திய மண் 10 கிராமை அளவுகோடிட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றில் மண்ணெண்ணெயிலும், இன்னொன்றில் வாலைநீரிலும் போட்டு 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெய் படலங்களுக்கிடையே புகாது, நீர் புகும். நீரிலுள்ள மண்ணின் கனஅளவு மற்றதைவிட இரண்டு மடங்கானால் உப்பல் குறியீடு 100 சதவீதம், அந்த மனையில் சாதாரணக் கடைக்கால் போடுவது வீண்செலவு.

விரிசலின் வடிவம், மண் ஏறியதா இறங்கியதா என்பதைச் சொல்லிவிடும். வீட்டுக்கு வெளியே உள்ள நிலம் வெயிலில் காய்ந்து சுருங்க, தரையால் மூடப்பட்ட நடுப்பகுதி ஈரத்தோடு நிலைத்திருந்தால், சுவரின் முனைகள் தாழ்ந்து, மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் விரிசல் விழும். மழைக்காலத்தில் ஓரங்கள் உப்பி எழுந்தால், கீழே அகன்று மேலே ஒடுங்கும். ஒரு மூலையில் மட்டும், அதுவும் வேம்போ புங்கோ நிற்கும் பக்கத்தில் விரிசல் இருந்தால், வேர் உறிஞ்சிய நீரையும், கழிவுநீர்க் குழாய் செல்லும் பக்கத்தில் இருந்தால் ஒழுகலையும் முதலில் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்துத் தீர்ப்புச் சொல்வது பெரும்பிழை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தில் பதித்து, நாளைக் குறித்து வைத்தால், அசைவு தொடர்ந்தால் அது உடையும். இருபுறமும் ஆணி அடித்து இடைவெளியைத் துல்லிய அளவியால் மாதந்தோறும் அளந்தால், பருவத்தோடு மூடித் திறக்கும் விரிசலையும் ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போகும் விரிசலையும் பிரித்தறியலாம். முன்னது மண்ணின் மூச்சு. பின்னது கட்டமைப்பின் குறை. ஓராண்டு பொறுக்காமல் சிமெண்டை அடைத்துப் பூசிவிட்டால் சான்றும் போகும், அடுத்த தையில் விரிசல் அதே இடத்தில் திரும்பவும் வரும். கரிசலுக்கு ஏற்ற அடித்தளமாக ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குமிழ்போல் அகன்ற பைல்களை உருவாக்கியளித்தது. பருவ ஈரம் எட்டாத ஆழத்துக்கு, பொதுவாக 3.5 மீட்டர் அளவுக்கு, இறங்கும் அந்தக் குமிழ், மேல்மண் உப்பினாலும் வீட்டைப் பிடித்து நிறுத்துகிறது.

காரணம் தெரிந்த பிறகு பொறுப்பு யாருடையது என்ற கேள்வி சட்டத்துக்குச் செல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்து சுட்டிக்காட்டப்பட்டால், கட்டுநர் தம் செலவிலேயே 30 நாளில் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. ஆனால் திருமங்கலம் போன்ற ஊர்களில் பெரும்பாலான வீடுகள் சொந்த மனையில், லேபர் காண்ட்ராக்ட் பேசி, மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பி எழுப்பப்படுபவை. அந்தச் சட்டத்தின் காப்பு அவற்றை எட்டுவதில்லை என்பதால், அங்கே சான்றைக் கட்டும்போதே சேமித்துக்கொள்வது வீட்டுக்காரரின் கையில்தான் இருக்கிறது. ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு, 125 மில்லிமீட்டர் கனத்தில், ஏறத்தாழ 12 கன மீட்டர் கான்கிரீட் ஆகும்; 6 முதல் 15 கன மீட்டர் வரையிலான வேலைக்கு இரண்டு மாதிரிகள், மாதிரிக்கு மூன்று கனசதுரங்கள் என்று ஐ.எஸ். 456 வகுத்திருக்கிறது. தளம் ஒட்டும் நாளில் அந்த ஆறு அச்சுகளையும் நிரப்பி, தேதி எழுதி, மறுநாள் கழற்றி, 28 நாள் தண்ணீரில் மூழ்க வைத்து, பக்கத்திலுள்ள பொறியியல் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் உடைத்து வாங்கும் சான்றிதழுக்கு, ஒரு தளத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகையே ஆகிறது.